போதிய சேமிப்பிடம் இல்லை

அட்டைப்பெட்டியில் அறுபத்து நான்கு ஜி.பி. என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வாங்கி வந்த அன்றைக்கே, ஒரு படம்கூட எடுப்பதற்கு முன்னால், அதில் இருபது ஜி.பி.க்கு மேல் காணாமல் போயிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடைக்காரன் மட்டும் எதிரில் இருந்திருந்தால், பெட்டியோடு அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

"அது சிஸ்டத்துக்கு எடுத்துக்கும்மா. அப்புறம் கம்பெனிக்காரனே போட்டுக் கொடுத்த ஆப்புக வேற இருக்குது," என்றாள் என் மகள் லோகப்பிரியா. பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கடவுக்கு வந்து, அப்பாவின் புதுப் போனைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் சாமானை வெக்கறதுக்கு நாம எதுக்கு கண்ணு காசு கொடுக்கோணும்? எடுத்து வெளிய வீசு."

"வீச முடியாதும்மா. இதுக எல்லாம் போனோட கூடவே வந்தது. அழிக்கற பட்டனே கெடையாது."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் பெயர் தம்பிதுரை. வாயால் சொல்ல மாட்டேன், எழுதினால் குற்றமில்லை. "நாம தேங்கா வேவாரிக்கு நூறு காய்க்கு மேல சும்மா லாபக்காய் கொடுக்கறதில்லையா அம்மணி? அதுமாதிரி கம்பெனிக்காரனும் கொஞ்சம் எடுத்துக்கறான். உட்டுத்தள்ளு," என்றார்.

அந்த மனிதர் அப்படித்தான். வாசலில் நின்று ஒருவர் 'வரட்டுங்களா' என்று கேட்டால் 'வாங்க' என்பதைத் தவிர வேறு பதில் எங்கள் பக்கத்தில் கிடையாது. சண்டைக்கு வந்தவனுக்கும் முதலில் காப்பிதான். இவர் அதிலும் ஒரு படி மேலே. மகள் போனைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள் பாருங்கள், அங்கேதான் வினை. கூடவே வந்த ஒவ்வொரு ஆப்பும் திறந்தவுடன் மரியாதையாகக் கேட்டது. உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா? உங்கள் படங்களைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா? உங்களுக்குப் பிடித்த இன்னும் சில ஆப்களை நிறுவட்டுமா? இவர் எல்லாவற்றுக்கும் 'அனுமதி' என்று அமுக்கினார்.

"ஏனுங்க, எதுக்குங்க எல்லாத்துக்கும் சரி சரின்னு அமுக்கறீங்க?"

"கேக்குதுல்ல. மொகத்துல அடிச்சமாதிரி வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"அந்தக் கெரகத்துக்கு மொகம் எங்க இருக்குது?"

இவர் எழுந்து வெற்றிலை மடிக்கப் போய்விட்டார். ஒரு மாதத்துக்குள் அந்தப் போனில் சீட்டாட்டம், ஜாதகம், கடன் தருகிறேன் என்று கூப்பிடுகிற ஒன்று, நாள் முழுக்கச் செய்தி கொட்டுகிற இரண்டு, எத்தனை அடி நடந்தாய் என்று கணக்குக் கேட்கிற ஒன்று என்று வீடு நிறைய ஒறம்பரை, அழையாத விருந்தாளிகள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள்.

பங்குனியில் எங்கள் போர் நின்றது.

எங்கள் தென்னந்தோப்புக்கு உயிர் அந்த ஒரு ஆழ்துளைக் கிணறுதான். எண்ணூறு அடி ஆழம், ஆறரை அங்குல அகலம். பதினெட்டு வருடமாகக் குறையில்லாமல் தண்ணீர் கொடுத்தது. திடீரென்று ஒரு நாள் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. ஆள் விட்டுத் தூக்கினோம். குழாய் நடுவில் முறிந்து, மேல் பாதி மட்டும் கையோடு வந்தது. மோட்டாரும் மீதிக் குழாயும் உள்ளேயே விழுந்துவிட்டன. அடியில் தண்ணீரே வற்றிப்போச்சு என்றார் ஒருவர். கல் சரிந்து மோட்டாரை மூடியிருக்கும் என்றார் இன்னொருவர். புதிதாக ஒன்று போடலாம் என்றால், அதே தோப்பில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் ஆயிரம் அடி போட்டுப் புழுதிதான் பறந்தது. லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். இருநூறு மரத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மட்டைகள் தொங்க ஆரம்பித்தன. குரும்பை கொட்டியது. தோப்பு காய்ந்தால் வெட்டிப்போட்டு, வீட்டுமனை சைட் போடுகிறவனுக்குக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. பொள்ளாச்சி ரோட்டோரத்துத் தோப்பாயிற்றே, மோப்பம் பிடித்து இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டும் போனார்கள். அவர்களையும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பினார் இவர். நான் தினமும் புலம்பினேன், அழுதேன், மாரியம்மனைத் திட்டினேன். இவர் "பாத்துக்கலாம் அம்மணி" என்பதோடு சரி. காலையில் எழுந்து போனை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போவார், வெயில் ஏறினதும் வருவார். இந்த மனிதருக்குக் கவலையே கிடையாதா, மரம் சாவது கண்ணில் படவில்லையா என்று நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

போருக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று பக்கத்துத் தோட்டத்தில் சொன்னார்கள். பெயர் முகமது ரியாஸ், கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். ஒரு வேனில் வந்து இறங்கினார். கூடவே ஒரு முக்காலி, பெரிய உருளையில் சுற்றிய ஒயர், அதன் நுனியில் டார்ச் லைட் மாதிரி ஒரு கேமரா.

"உள்ள எப்படி இருக்குதுன்னு பாத்துட்டா ஒரு முடிவுக்கு வந்தரலாங்க அக்கா. தண்ணி இருந்து, உழுந்த குழாயோட தலையும் தெரிஞ்சுதுன்னா, கொக்கி போட்டு எடுத்தரலாம். மண்ணு மூடியிருந்தா இந்தப் போரைக் கைகழுவ வேண்டியதுதானுங்க," என்றார். பிறகு என் வீட்டுக்காரரிடம் கையை நீட்டினார். "உங்க போனைக் கொடுங்கண்ணா. படம் அதுலதான் ஓடும்."

"ஏன், உங்க போன்ல தெரியாதுங்களா?" என்றேன்.

"தெரியுங்க. ஆனா எடுக்கமாட்டேன். ஒரு தோட்டத்துல, வேற எவனோ போரைக் காட்டி ஏமாத்தறேன்னு என்ற சட்டையைப் புடிச்சுட்டாங்க. அன்னையிலிருந்து தோட்டத்துக்காரர் போன்லதான் பதிவாகோணும். உங்க போர், உங்க போன், உங்க கையிலயே இருக்கும் பாருங்க."

கேமராவுக்கான ஆப்பை ஏற்றினார். அது அனுமதி அனுமதி என்று நாலைந்து முறை கேட்டது. இவர் எல்லாவற்றையும் அமுக்கினார். அந்த ஒரு தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

வெயிலில் திரை தெரியவில்லை என்று கட்டிலை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் போர்வையைப் போட்டு, மூன்று பேரும் அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டோம். ரியாஸ் ஒரு கையால் ஒயரை விட்டுக்கொண்டே இருந்தார்.

முதலில், மேல்மண் சரியாமல் இருக்கப் போரின் வாயில் செருகிய நீல நிறக் குழாய். எண்பது அடியில் அதன் ஓரம் கிழிந்து உள்பக்கமாக மடிந்திருந்தது. ரியாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒயரைத் திருப்பித் திருப்பி, கேமராவை அந்தச் சந்தில் நைசாக இறக்கினார். "அப்பாடா. திரும்ப எடுக்கறப்ப ஒரே தடவைதானுங்க. ஏத்தி எறக்கி வெளையாண்டா மாட்டிக்கும்," என்றார்.

அதற்குக் கீழே குழாய் முடிந்து பாறை வந்தது.

இந்தப் பூமியில் நான் வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருடம் ஆகிறது. உழுதிருக்கிறோம், எரு போட்டிருக்கிறோம், வரப்புக்குச் சண்டை போட்டிருக்கிறோம். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கேமராவின் வெளிச்சம் பட்டதும் கருங்கல் ஈரமாக மின்னியது. அதில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் சாய்ந்து ஓடின. இன்னும் கீழே போனால் கல்லுக்குள் பொடிப்பொடியாக ஏதோ மினுக்கியது. சூரியன் பிறந்ததிலிருந்து வெளிச்சமே படாத கல்லுக்கு எதற்கு அந்த மினுக்கு? யார் பார்ப்பதற்கு? பதினெட்டு வருடத்துக்கு முன்னால் டிரில் ஓட்டிய வட்ட வட்டத் தடம் நேற்றுப் போட்டதுபோல் அப்படியே இருந்தது. "என்ற சாமி," என்றார் என் வீட்டுக்காரர்.

ஐந்நூறு அடியைத் தாண்டும்போது திரை கறுத்தது. நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி.

போதிய சேமிப்பிடம் இல்லை. தொடர, இடத்தைக் காலிசெய்யவும்.

"அடக் கெரகமே, போன் ரொம்பிப்போச்சுங்க," என்றார் ரியாஸ். "இந்த ஆப்புல பதிவாகாம படம் ஓடாது. பாதியில வேற போனுக்கும் மாத்த முடியாதுங்க, கேமராவை மேல கொண்டுவந்து முதல்ல இருந்து சேத்தோணும். அந்தக் கிழிசல்ல இன்னொருக்கா எறங்குமான்னு சொல்ல முடியாது. லைட்டு பேட்டரியும் ரொம்ப நேரம் தாங்காது."

எனக்கு வந்ததே ஆத்திரம். போர்வையைத் தூக்கி எறிந்தேன். "போறவன் வாரவனுக்கெல்லாம் வாங்க வாங்கன்னு எடம் கொடுத்தீங்களே! இப்ப நம்ம தோப்பு பொழைக்குமா சாகுமான்னு பாக்கறதுக்கு எடம் இல்லை! ஜாதகம் பாக்கறவன் உள்ள உக்காந்திருக்கான், சீட்டாடறவன் உக்காந்திருக்கான், நமக்கு வாசல்ல நிக்கக்கூட எடம் இல்லை!"

என்னிடம் இருந்த பட்டன் போனில் மகளைக் கூப்பிட்டு, சத்தமாக வைத்தேன்.

"அப்பா, செட்டிங்ஸ்ல சேமிப்பகம்னு இருக்கும், அதைத் தொடுங்க," என்றாள் லோகப்பிரியா. "வேண்டாத ஆப்பெல்லாம் ஒவ்வொண்ணா அழிங்க."

சீட்டாட்டம் போயிற்று. ஜாதகம் போயிற்று. கடன்காரன் போனான். கம்பெனிக்காரன் கூடவே அனுப்பியவை மட்டும் அசையவில்லை. 'முடக்கு' என்று வந்ததே தவிர 'அழி' என்று வரவில்லை. இத்தனையும் செய்து கிடைத்த இடம் கையகலம்கூட இல்லை. ரியாஸ் ஒயரைப் பிடித்தபடி உருளையில் இருந்த பேட்டரி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீடியோன்னு போட்டு எவ்வளவு காட்டுதுங்கப்பா?" என்று கேட்டாள் மகள்.

"பதினெட்டு," என்றார் இவர், மெதுவாக.

"பதினெட்டு ஜி.பி.யா? அப்படி என்னத்தப்பா எடுத்தீங்க?"

நான் போனைப் பிடுங்கித் திறந்தேன்.

தென்னை மரம். அடுத்ததும் தென்னை மரம். விரலால் தள்ளத் தள்ள, கீழே கீழே, எல்லாமே எங்கள் தோப்பு மரம். ஒன்றைத் தொட்டேன், ஓடியது. அடிமரத்திலிருந்து மெல்ல மேலே ஏறி, தொங்குகிற மட்டைகளையும் குலையையும் சுற்றிக் காட்டி, மறுபடி கீழே வந்தது. இவருடைய கை நீண்டு மரத்தைத் தடவியது. மூச்சிரைப்பு கேட்டது. கடைசியில் இவர் குரல்: "சித்தெ பொறுத்துக்குங்க சாமி."

இன்னொன்றைத் தொட்டேன். வேறு மரம். அதே கை, அதே குரல், அதே பேச்சு. ஒவ்வொரு மரத்திடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்.

"எதுக்குங்க இது?" என்றேன்.

"போயிருச்சுன்னா..." என்றவர் தோப்பைப் பார்த்தார். "எந்த மரம் எப்படி இருந்துச்சுன்னு மறந்துபோகக் கூடாதுல்ல அம்மணி."

இந்த மனிதரையா கவலை இல்லாதவர் என்று நினைத்தேன்? நான் புலம்பியும் அழுதும் தீர்த்துக்கொண்டேன். இவர் வாய் திறக்காமல், மரம் மரமாகப் போய் விடைபெற்றுக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கு அனுப்பிட்டு அழிச்சுக்கலாம்பா," என்றாள் மகள், விஷயம் புரிந்து.

"இத்தனையும் போய்ச் சேர சாயங்காலம் ஆயிருங்க," என்றார் ரியாஸ். "அதுவரைக்கும் லைட்டு நிக்காது."

"அழிக்க வேண்டாங்க," என்றேன் நான். சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொன்னது நான்தான். "கேமராவை ஏத்திருங்க தம்பி. இன்னொரு நாள் பாத்துக்கலாம். கிடைச்சாக் கிடைக்கட்டும்."

"இல்லை," என்றார் என் வீட்டுக்காரர்.

முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து யாருக்கும் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. போனை என் கையிலிருந்து வாங்கினார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'அழி' என்பதை அமுக்கினார். போர்வையைப் போட்டுக்கொண்டு பார்த்தால், மறுபடியும் அதே வெள்ளைப் பெட்டி. இடம் வரவில்லை.

"அது குப்பைத்தொட்டிக்குத்தான் போயிருக்கும்பா," என்றாள் லோகப்பிரியா. "முப்பது நாள் பத்திரமா வெச்சிருக்கும். மனசு மாறுனா எடுத்துக்கலாம்னு. இடம் வேணும்னா அங்க போயும் அழிக்கோணும்."

தொட்டியைத் திறந்தார். மரங்கள் எல்லாம் சின்னச் சின்னதாக அங்கே நின்றுகொண்டிருந்தன. நிரந்தரமாக அழிக்கவா? இவற்றைத் திரும்பப் பெற முடியாது என்று போன் கேட்டது. அவர் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. தலையை வெளியே நீட்டி, பக்கத்தில் நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு அமுக்கினார்.

வாரக்கணக்கில் நடந்து நடந்து எடுத்தது, இமை மூடித் திறப்பதற்குள் இல்லாமல் போயிற்று. திரையில் மறுபடி பாறை வந்தது.

அறுநூறு அடி. கல் காய்ந்திருந்தது. ரியாஸ் உதட்டைக் கடித்துக்கொண்டார். அறுநூற்று ஐம்பது. இன்னும் காய்ந்த கல்தான். நான் மனதுக்குள் தோப்பை வெட்டிப் பார்த்துவிட்டேன். அப்போது ஒரு பக்கமாக ஏதோ பளிச்சென்றது.

"நிறுத்துங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

கல்லில் ஒரு விரிசல். கத்தியால் கீறினது போல் அவ்வளவுதான் அகலம். அதிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சொட்டு இல்லை, கசிவு இல்லை. வழவழவென்று கல்லோடு ஒட்டி, நிற்காமல், ஒரு சத்தமும் போடாமல் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது? வெள்ளியங்கிரி மலையில் எந்தக் காலத்தில் பெய்த மழையோ, எந்தெந்தக் கல்லுக்குள் நுழைந்து நுழைந்து வந்ததோ. நாங்கள் போர் செத்துப்போயிற்று என்று லாரிக்கு அலைந்த நாளெல்லாம் அது இங்கே இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் சாமியைத் திட்டிய நேரத்திலும் இறங்கியிருக்கிறது. கேட்க ஆளில்லை, பார்க்க ஆளில்லை, அது பாட்டுக்கு எங்களுக்காக. என் கை தானாகக் கூடியது.

"கும்புடறனுங்க," என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று கேட்டால், அந்தத் தண்ணீருக்குத்தான். பக்கத்தில் இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கேமரா இன்னும் இறங்கி, நிற்கிற தண்ணீரைத் தொட்டு, அதற்குள்ளும் போயிற்று. கொஞ்ச நேரம் கலங்கல். கலங்கல் விலகினதும், சாய்ந்தபடி ஒரு குழாயின் முறிந்த தலை தெரிந்தது.

"அண்ணா! தலை தெரியுதுங்கண்ணா!" என்று ரியாஸ் போர்வைக்குள் கத்திய கத்தலில் எனக்குக் காது அடைத்தது. "மண்ணு மூடலைங்க. தண்ணியும் நல்லா நிக்குது. குழாய்தான் ஓட்டையாகி, மேல வரவேண்டிய தண்ணி உள்ளயே கொட்டியிருக்குது. கொக்கி போட்டா வந்துருங்க, இன்ஷா அல்லா."

கேமராவும் கிழிசலைத் தாண்டி ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அந்த வாரமே கொக்கிக்காரர்கள் வந்து, முக்கி முனகி மோட்டாரை வெளியே எடுத்தார்கள். புதுக் குழாய் இறக்கி, சுவிட்சைப் போட்டதும் முதலில் காற்று சீறியது, பிறகு செங்காவி நிறத்தில் கக்கியது, பிறகு கண்ணாடி மாதிரி வந்தது. வாய்க்காலில் ஓடி, முதல் மரத்தின் பாத்திக்குள் விழுந்தது.

மகள் அப்போது போனில்தான் இருந்தாள். "அம்மா, அப்பாவை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லும்மா. நானும் பாக்கறேன்."

நான் அவருடைய போனை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் ஓடினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, பாத்தி ஓரம் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் அடுத்த மரத்துக்குத் திரும்புவதற்கு இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, புள்ள கேக்கறா. இந்தாங்க, எடுங்க. இப்பத்தான் போன் நெறைய எடம் கெடக்குதே."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கை ஈரமா இருக்குது அம்மணி," என்றார்.